நுரையீரலுக்குள் வந்தது கடல் தண்ணீர் இல்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 53. பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருக்கிறேன். முட்டி வலியால் நடைப்பயிற்சியை விட்டுவிட்டு 4 வருடமாக நீந்தி வருகிறேன். நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நிற்காமல் போவேன். போன மாதம் தோழிகளோடு பத்து பெரிங்கி கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்தப் போனோம். உடம்பில் நீர் குறையக்கூடாது என்று காலையிலேயே ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரும் இரண்டு பாட்டில் ஐசோடோனிக் பானமும் குடித்தேன். உடுத்தியது தோழியின் நீச்சல் உடை, கொஞ்சம் இறுக்கம். பாதி தூரத்தில் இருமல் வந்தது, மூச்சு வாங்கியது, நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. துப்பினால் இளஞ்சிவப்பாக நுரை. தண்ணீர் ஒரு மடக்குகூடக் குடித்த ஞாபகம் இல்லை. படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் 86, பிரஷர் 168/96. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நீர் தெரிகிறது என்றார்கள். கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கும், பயத்தில் பிரஷர் ஏறியிருக்கும் என்று சொல்லி, ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 2 நாளில் சரியாகிவிட்டது. இப்போது மாடிப்படி ஏறினாலும் ஒன்றும் தெரியவில்லை. முட்டிக்கு வாரத்தில் 3, 4 நாள் வலி மாத்திரை போடுவேன். வேறு மருந்து இல்லை. அம்மாவுக்கு பிரஷர் இருந்தது. என் இதயம் கெட்டுவிட்டதா? நுரையீரலில் தழும்பு இருக்குமா? ஜூன் மாதம் மகளோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் ஸ்நோர்க்லிங் செய்ய டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் கணவரோ, இந்த வயசில் நீச்சல் எதற்கு என்கிறார்.

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தண்ணீர் ஒரு மடக்குகூடக் குடித்த ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் முழுசாக நம்புகிறேன். நடந்ததற்கான விளக்கமே அந்த வரியில்தான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் பயத்துக்கு நேரான பதில். உங்களைச் சோதித்துப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் கடிதத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நுரையீரல் பெரும்பாலும் முழுசாகத் தேறியிருக்கும். தழும்பு விழ வாய்ப்பு மிகக் குறைவு. இதயம் கெட்டுவிட்டது என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு நடந்த பிறகும் அந்த இதயத்தை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. பார்த்து முடிக்கும்வரை குளத்திலும் இறங்காதீர்கள், கடலிலும் இறங்காதீர்கள். நீந்தலாமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அன்றைக்கு உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டாலே இரவில் வரும் பயம் பாதி குறையும்.

நம் ஊரில் ‘லங்ஸில் தண்ணி’ என்று சொன்னால் அது இரண்டு வேறு வேறு விஷயங்களில் ஒன்றாக இருக்கும். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் சேர்வது ஒன்று. ஊசி குத்தி லிட்டர் கணக்கில் எடுத்தார்கள் என்று சொந்தக்காரர் யாராவது சொல்லியிருந்தால் அது இந்த வகை. அதற்குக் காரணங்களும் வேறு, வைத்தியமும் வேறு. உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. மூச்சுக் காற்று கடைசியாகப் போய்ச் சேரும் சின்னஞ்சிறு காற்றுப் பைகளுக்குள்ளேயே, உங்கள் ரத்தத்திலிருந்து நீர் கசிந்து இறங்கியிருக்கிறது. அந்தப் பைக்கும் அதை ஒட்டி ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு தலைமுடியின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்ஸிஜன் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போக முடியும். குழாய்க்குள் அழுத்தம் அளவுக்கு மீறினால் நீர் கசிகிறது. இன்னும் மீறினால் சுவரில் நுண்ணிய வெடிப்பு விட்டு சிவப்பணுக்களும் வெளியே வருகின்றன. நீங்கள் துப்பிய இளஞ்சிவப்பு நுரை அதுதான். களகள சத்தம், அந்த நீருக்குள் காற்று போய்வந்த சத்தம்.

சரி, நீந்தினால் அங்கே ஏன் அழுத்தம் ஏற வேண்டும்? குளத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சிறுநீர் முட்டிக்கொண்டு வருவதை நீந்துகிற எல்லோரும் அறிவோம். அதே சங்கதிதான் இது. தண்ணீர் வெளியிலிருந்து கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் அழுத்துகிறது. அங்கே தங்கியிருந்த ரத்தம் மேலே நெஞ்சுக்கு ஏறுகிறது. கழுத்தளவு தண்ணீரில் சும்மா நின்றாலே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் நெஞ்சுப் பக்கம் வந்து சேர்ந்துவிடும். இதய அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது, கொஞ்சம் வெளியேற்று என்று இதயம் ஒரு ஹார்மோன் மூலம் சிறுநீரகத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. ஆரோக்கியமான இதயம் இந்தக் கூடுதல் ரத்தத்தைச் சிரமமில்லாமல் முன்னே தள்ளிவிடும்.

ஆனால் இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் விறைத்துப் போயிருந்தால் கதை மாறுகிறது. வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட ரத்த அழுத்தம் அந்த அறையின் சுவரைத் தடிக்க வைக்கும். தடித்த சுவர் நன்றாகச் சுருங்கும், ஆனால் ரத்தத்தை வாங்கிக்கொள்ள நன்றாக விரியாது. பினாங்குப் பாலத்தில் தீவுப் பக்கம் இறங்கும் இடத்தில் வண்டிகள் நகரவில்லை என்றால் எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊர்ப் பக்கம்வரை வரிசை நின்றுவிடுகிறதே, அதுபோல இடது அறை வாங்காத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது. மாடிப்படியிலும் தெரியாமல் இருக்கலாம். தண்ணீருக்குள் படுத்தபடி, கை கால் முழுசையும் வேகமாக அடித்து, ஒன்றரை கிலோமீட்டர் போகும்போது தெரிந்துவிடும்.

இதற்கு மருத்துவத்தில் சைப் (SIPE) என்று ஒரு பெயர் உண்டு. நீச்சலால் நுரையீரலில் நீர் கோப்பதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அப்படிச் சொல்கிறோம். டாக்டரிடம் போகும்போது இந்தப் பெயரைச் சொல்லுங்கள். 1989-இல் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் இதய நிபுணரும் அவருடைய குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். குளிர்ந்த கடலில் முக்குளித்தவர்களையும் நீந்தியவர்களையும் கவனித்து எழுதியது அது. அவர்கள் தொடர்ந்து பார்த்துவந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் ரத்த அழுத்த நோய் வந்தது. அந்தச் சின்னக் குழுவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, நீச்சலில் மூச்சுத் திணறி வந்தவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது பிரஷர் எவ்வளவு என்றுதான்.

குளிர்ந்த நீரில் தோல், கை கால் எல்லாம் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்வதால் இன்னும் அதிக ரத்தம் நெஞ்சுக்கு ஏறும். அதனால் குளிர் நாடுகளில்தான் இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஸ்வீடனில் வான்ஸ்ப்ரூ என்ற ஊரில் வருடா வருடம் நடக்கும் 3 கிலோமீட்டர் ஆற்று நீச்சலில் மருத்துவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து இதைக் கவனித்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. நம் பினாங்குக் கடலோ எப்போதும் 29, 30 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கிறது. குளிரைக் காரணம் சொல்ல முடியாத இடத்தில் இது வந்தால் வேறு காரணங்களை இன்னும் அக்கறையாகத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

அப்படித் தேடினால் உங்கள் கடிதத்திலேயே சில கிடைக்கின்றன. 1995-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் இளம் வீரர்களைப் பற்றி எழுதினார்கள். 30 பேர் நீந்தினார்கள், 8 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. எல்லோரும் இளைஞர்கள், உடல்தகுதி உள்ளவர்கள். நீர் 23 டிகிரி, அவ்வளவு குளிரும் இல்லை. நீந்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சுமார் 5 லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்கப்பட்டிருந்தார்கள். உடம்பு வற்றிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். நீங்கள் குடித்தது அவ்வளவு இல்லை. ஆனாலும் நெஞ்சுக்கு ரத்தம் ஏறப்போகிற நேரத்துக்கு முன்னால் இரண்டு லிட்டரை நெருங்கக் குடித்தது உதவியிருக்காது. இறுக்கமான உடையும் அப்படித்தான்: வெளியிலிருந்து அழுத்துகிற வேலையைத் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் செய்யும். குளத்தில் ஒரு கிலோமீட்டர் போகிறவருக்குக் கடலில் ஒன்றரை கிலோமீட்டர் வெறும் அரை கிலோமீட்டர் கூடுதல் அல்ல. அலை இருக்கும், பிடித்து நிற்க விளிம்பு இருக்காது, கூட வருகிறவர்களின் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது அந்த வலி மாத்திரை. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரோஃபென் வகையாக இருந்தால், அவை முட்டி வலியைக் குறைக்கிற அதே நேரத்தில் சிறுநீரகத்தை உப்பும் நீரும் பிடித்து வைக்கச் செய்கின்றன. ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. வாரத்தில் 3, 4 நாள் என்பது குறைந்த அளவு இல்லை. மாத்திரைப் பட்டையின் பின்னால் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள், அல்லது பார்மசியில் கேளுங்கள். டாக்டர் வேறு காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, இதயப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அதற்குப் பதிலாகப் பாரசிட்டமால், முட்டியில் தடவும் ஜெல், தொடைத் தசைக்கான பயிற்சி ஆகியவற்றை வைத்துச் சமாளிக்க முடிகிறதா பாருங்கள். ஒருவேளை அந்த மாத்திரை பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியதாகவோ, யாரோ கொடுத்த ஜாமு என்ற மூலிகை மருந்தாகவோ இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மூட்டு வலிக்கு என்று விற்கும் சில ஜாமுக்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதுவும் பிரஷரை ஏற்றும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலையும். அதனால்தான் முதலில் காட்டச் சொல்கிறேன்.

இப்போது அந்த 168/96. பயத்தில் ஏறியிருக்கும் என்று சொன்னவர்கள் சொன்னது பாதி உண்மை. மூச்சு முட்டும்போது யாருக்கும் பிரஷர் ஏறும். ஆனால் அன்று ஏறியது என்பதால் அதற்கு முன்னால் சரியாக இருந்தது என்று ஆகாது. என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். ஒருநாள் தலை சுற்றல் என்று போனவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, அலைச்சல், அதனால் கூடியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் அலைச்சல் என்றே நம்பினோம். அதற்குப் பிறகு யாரும் அவர் கையில் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. 6 வருடம் கழித்துப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அதனால் ஒரு பெரிய எண்ணை ஒரு சின்னக் காரணம் சொல்லி ஒதுக்குவதை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை. நம் நாட்டில் பெரியவர்களில் 10 பேரில் சுமார் 3 பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. தெரியாமலே இருப்பவர்களும் அதில் நிறைய. உங்களுக்கு 53 வயது, அம்மாவுக்கு இருந்தது, வலி மாத்திரை வேறு.

வீட்டில் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள், மேல்கையில் கட்டுகிற வகை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். 7 நாள், காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை. காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைக் குறுக்கே போடாமல், பேசாமல் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதாதீர்கள், அப்படி எழுதிக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அது ரத்த அழுத்தம்தான். சந்தேகமாக இருந்தால் 24 மணி நேரம் கையில் கட்டிவிடும் கருவி இருக்கிறது. தூங்கும்போது அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் அது காட்டிவிடும். இரவில் பலமாகக் குறட்டை விடுவீர்களா என்று கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் பிரஷரை ஏற்றும் ஒரு காரணம்.

இதயத்துக்கு முதலில் இசிஜியும் எக்கோவும் போதும். எக்கோ என்பது வயிற்றுக்கு ஸ்கேன் பார்ப்பதுபோல நெஞ்சின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது, வலி கிடையாது. வெறும் ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்ற ஒரு வரியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பம்பிங் உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இடது அறையின் சுவர் தடித்திருக்கிறதா, அது ஒழுங்காக விரிகிறதா, மைட்ரல் வால்விலும் அயோர்டிக் வால்விலும் கசிவோ இறுக்கமோ உண்டா, நுரையீரல் பக்கத்து அழுத்தம் எவ்வளவு என்று நான்கையும் கேளுங்கள். மைட்ரல் வால்வு கசிந்தாலும் ரத்தம் இதேபோல நுரையீரலுக்குத் திரும்பும். கூடவே சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. உங்கள் வயதில் ட்ரெட்மில் பரிசோதனையும் செய்வது நல்லது, முட்டி இடம் கொடுத்தால். கொடுக்காவிட்டால் மாற்றுவழிகள் உண்டு, டாக்டர் சொல்வார்.

இன்னொன்று. சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் கேட்டு வாங்குங்கள். ட்ரோபோனின் என்று ஒன்று இருக்கும், இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களில், கடுமையான அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி சில நாட்களுக்குச் சோர்ந்துபோகும் டாக்கோட்சுபோ என்ற நிலை உண்டு. அதுவும் இதே மாதிரி நுரையீரலில் நீரைக் கொண்டுவரும். பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும், அதனால் இப்போது எக்கோ சரியாக இருந்தால்கூட அன்றைய ட்ரோபோனினும் இசிஜியும் தேவைப்படும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகுமே என்று தள்ளிப் போடாதீர்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட்டில் டாக்டரைப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, அரசாங்க ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு ரெஃபரல் கடிதம் கேட்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களாக இருந்தால், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் அடிப்படைப் பரிசோதனை இலவசம். எக்கோவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் பிரஷர் பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நுரையீரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கவலை குறைவு. கடல் தண்ணீர் உள்ளே போய் அதனால் நிமோனியா வந்திருந்தால் காய்ச்சல் வந்திருக்கும், எக்ஸ்ரே சரியாக வாரக்கணக்கில் ஆகியிருக்கும். உங்களுக்கு இரண்டு நாளில் விட்டது. கசிந்த நீரை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொண்டது. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் அவசரப் பிரிவில் அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்து பதிவு வைத்துக்கொள்ளுங்கள். சளியோடு ரத்தம் மீண்டும் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ, நெஞ்சை இறுக்கினாலோ அப்பாயின்ட்மென்ட் நாளுக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

இனி நீச்சல். இது ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரக்கூடியது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடலின் நடுவில் வந்தால் உயிருக்கே ஆபத்து. இதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் நீச்சலை விட்டேதான் ஆக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். முட்டி வலி உள்ள ஒருவருக்கு நீச்சலைப் போல உடற்பயிற்சி வேறு எளிதில் கிடைக்காது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து, எக்கோவில் பெரிய குறை இல்லை என்று தெரிந்து, இதய டாக்டரும் சம்மதித்த பிறகு குளத்துக்குத் திரும்பலாம். உயிர்காப்பாளர் இருக்கும் குளம், நின்றால் கால் எட்டும் ஆழம், கூட ஒருவர். முதல் 10 நிமிடம் மெதுவாக, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில். உங்கள் அளவுக்குத் தைத்த, மூச்சை இழுத்தால் நெஞ்சைப் பிடிக்காத உடை. தாகத்துக்குக் குடியுங்கள், கணக்குக்குக் குடிக்காதீர்கள். வலி மாத்திரை போட்ட நாளில் நீந்த வேண்டாம்.

கடலைப் பற்றி நான் தயங்குகிறேன். பிரஷர் இருந்தது, அதைச் சரி செய்தாயிற்று, பல மாதம் குளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை என்றால், கரையை ஒட்டி, மிதவை கட்டிக்கொண்டு, பக்கத்தில் காயக் வர, கொஞ்ச தூரம் போவதை அப்போது யோசிக்கலாம். காரணமே கண்டுபிடிக்க முடியாமல் போனால் கடல் நீச்சலை விட்டுவிடும்படிதான் சொல்வேன். இதைத் தடுக்க மாத்திரை உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மூன் குழு 2016-இல், இது வந்தவர்களை 20 டிகிரி நீருக்குள் வைத்து உடற்பயிற்சி செய்ய விட்டு அளந்தது. மற்றவர்களைவிட இவர்களுக்கு நுரையீரல் பக்கத்து அழுத்தம் கூடுதலாக ஏறியது. சில்டெனாஃபில் என்ற மாத்திரை கொடுத்தபோது அது குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு கடலில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

பெர்ஹெந்தியான் போங்கள், டிக்கெட்டை வீணாக்க வேண்டாம். ஸ்நோர்க்லிங் மட்டும் இந்த முறை வேண்டாம். சும்மா மிதப்பதுதானே என்று தோன்றும். முகம் நீருக்குள், மூச்சு மட்டும் குழாய் வழியாக மேலிருந்து வருகிறது. நெஞ்சைத் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது அந்தக் குழாய் வழியாகக் காற்றை வலுவாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசையைக் கூட்டி, அந்த மெல்லிய சுவர் வழியாக நீரையும் இழுக்கும். ஸ்கூபா அதைவிட மோசம், ஆழத்தில் இருமல் வந்தால் நினைத்தவுடன் மேலே வந்து உட்கார முடியாது. மகள் நீந்தட்டும், நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பாருங்கள். அங்கே இடுப்பளவிலேயே மீன் வரும்.

மகளுக்கும் கணவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தண்ணீரில் காரணமில்லாத இருமலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்த உடனே நிறுத்த வேண்டும். இன்னும் 50 மீட்டர்தானே என்று போகக் கூடாது. கையை உயர்த்தி உதவி கேட்டு, மிதவையைப் பிடித்து உடம்பை நிமிர்த்தி, வெளியே வர வேண்டும். வெளியே வந்தவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஆக்ஸிஜன் இருந்தால் கொடுத்து, 999-ஐ அழையுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல வேண்டாம், குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் மட்டும் படுக்க வைத்து சிபிஆர் தொடங்க வேண்டும்.

கணவர் பயந்துதான் அப்படிச் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் பிரஷர் பாருங்கள், அவருடைய எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். சாப்பாட்டு மேசையில் உப்பைக் குறைப்பதும் இருவருக்குமாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் நாட்டில் பெரியவர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட 8 கிராம் சாப்பிடுகிறோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், சம்பால் பெலாச்சான், கிச்சாப், பாக்கெட் மீ என்று கணக்குப் பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

7 நாள் அளவுகளையும், மாத்திரையின் பெயரையும், எக்கோ செய்திருந்தால் அதன் அறிக்கையையும் எழுதி அனுப்புங்கள். குளத்துக்கு எப்போது போகலாம் என்பதை அவற்றைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.